மிருதங்க சாதகத்தில் மனசு செய்யும் தவறுகள்

மிருதங்க சாதகத்தில் (பயிற்சியில்) ‘நம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரல் கரணையின் (வலது முகத்தின் நடுவிலுள்ள கருப்பு வட்டத்தின்) ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் (விளிம்புத் தோலில்) விழும். அந்த மோதிர விரல் தொட்டும் தொடாமலும் இருந்தால்தான் சுருதி கணீரென்று நிற்கும். எரிச்சலோடு உட்காரும் நாளில் அது ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தும், நாதம் அமுங்கிவிடும். உடனே கல்லையும் குச்சியையும் எடுத்து வலந்தலையைத் (வலது முகத்தை) தட்டிச் சுருதி சேர்க்க ஆரம்பிப்போம். நேற்றுவரை நன்றாகப் பேசிய மிருதங்கம் இன்று திடீரென்று செத்துப்போனதுபோல் கேட்டால், முதலில் தோள்பட்டையையும் தாடையையும் கவனியுங்கள். பாதி நாள் கோளாறு அங்கேதான் இருக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. ‘ததிங்கிணதொம்’ மூன்று தரம், நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது சொல் இல்லாத இடைவெளி. ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து, ஆக மொத்தம் 19. ஆதி தாளத்தின் ஒரு சுற்றான 32 மாத்திரையில் 13 மாத்திரை கழிந்தபின் எடுத்தால் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) வந்து விழும். என்னிடம் கற்கும் ஒரு பையனுக்கு மூன்றாவது ததிங்கிணதொம்மில் கை தடுக்கியது. ‘ச்சு’ என்றான், ஒரு நொடிகூட விடாமல் மறுபடி எடுத்தான், முன்பைவிட வேகமாக. மறுபடி தடுக்கியது. ஐந்தாவது முறை பார்த்தால் இடது தோள் காதைத் தொடுகிறது, மூச்சே விடவில்லை. அந்த நேரத்தில் அவன் கை பழகிக்கொண்டிருந்தது கோர்வையை (இப்படி மூன்று தரம் வரும் முடிப்பை) அல்ல. தடுக்கலையும் எரிச்சலையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

தடுக்கினால் கையை மடியில் வையுங்கள். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) தாளம் மட்டும் போடுங்கள். அப்புறம் அதே கோர்வையை வாயால் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க முடியும், சொல்ல முடியாது. சொல்லுக்கட்டு வெளியே வர வேண்டுமென்றால் மூச்சும் வெளியே வந்தாக வேண்டும். அது வந்ததுமே தோள் தானாக இறங்கும். நான் பார்த்தவரை இதைவிட எளிய வைத்தியம் வேறில்லை.

அதே கோர்வையில் கார்வையைக் கவனியுங்கள். சொல் இல்லாத அந்த இரண்டு மாத்திரையில்தான் பயம் உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருக்கக் கை கூசும், அடுத்ததை எடுத்துவிடத் துடிக்கும். இரண்டு கார்வையிலும் அரை அரை மாத்திரை விழுங்கினால், சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே போய் நிற்போம். கணக்கு தெரியாததால் இது நடப்பதில்லை, நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் நடக்கிறது.

கோபத்தைவிட நான் அதிகம் பயப்படுவது சந்தோஷத்துக்குத்தான். கோபம் கையில் உடனே தெரிந்துவிடும். உற்சாகம் தெரியாது. நடை நன்றாக விழுகிறது, தொப்பியில் (இடது முகத்தில்) ‘கும்’ என்ற கும்காரம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆஹா என்று இருக்கும், காலப்பிரமாணம் (வேகம்) மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நிமிஷத்துக்கு 60 எண்ணிக்கையில் ஆரம்பித்தால் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 8 விநாடி. 72-க்கு ஏறினால் ஏழு விநாடிக்கும் கீழே போய்விடும். ஒரு கச்சேரியில் என் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) அப்படித்தான் ஓடியது. தீர்மானம் வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பாடகர் பல்லவியை எடுத்தார், அந்த வேகத்தில் அவருக்கு மூச்சு போதவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதிலிருந்து சாதகத்தைச் செல்போனில் பதிவு செய்து, முதல் ஒரு நிமிஷத்தையும் கடைசி ஒரு நிமிஷத்தையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன். நடுவில் உள்ளதைக் கேட்கக்கூட வேண்டாம்.

சரி, அப்படியென்றால் மனசைக் காலியாக வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டுமா? அதுவும் தவறு. உணர்ச்சியை விரட்டப் பார்த்தால் அந்தச் சண்டையிலேயே சாதக நேரம் கரைந்துவிடும். ‘இன்னைக்கு எரிச்சலா இருக்கு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ‘த தி தொம் நம்’மை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) பத்து நிமிஷம் வாசித்தால் போதும். எரிச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். இதற்கு நேர் எதிரானது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயல்வது. மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தால் கை கட்டிப்போகும். விரலைப் பார்க்க வேண்டிய இடம் முதல் காலம். வேகம் ஏறியபின் ஏதாவது ஒன்றை மட்டும் கேளுங்கள், இன்று தொப்பி, நாளை சாப்பு (வலந்தலையில் வாசிக்கும் ஒரு சொல்).

வலியோடு வாசிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மணிக்கட்டோ சுண்டுவிரலோ வலித்தால் நிறுத்திவிடுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது சாதகத்தில் சேராது.

அடுத்தவர் கையோடு ஒப்பிட்டுக் குன்றிப்போவதும் இப்போது அதிகமாகிவிட்டது. வீடியோவில் யாரோ மின்னல் வேகத்தில் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், கை அந்த வேகத்தைத்தான் துரத்தும். மிருதங்க வித்வான்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) வலது கைக்காரர். ஒரே காலத்தில் கொடிகட்டிப் பறந்த இருவருடைய வாசிப்பும் வெவ்வேறு மாதிரி ஒலித்தது. ரசிகர்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

உட்கார்ந்ததும் முதல் அடியை அவசரமாகப் போடாதீர்கள். தொப்பியின் நடுவில் ஒட்ட ரவை பிசையும் அந்தச் சில நிமிஷம் விலை மதிப்பில்லாதது. ரவை கூடினால் தொப்பி மந்தமாகும், குறைந்தால் சுருதி ஏறும், அதனால் பொறுமையாகத் தொட்டுத் தொட்டுத்தான் ஒட்ட வேண்டும். அன்றைக்கு நம் மனசு எப்படி இருக்கிறது என்பது அந்த விரல்களிலேயே தெரிந்துவிடும். முடிக்கும்போதும் அப்படித்தான். வராத கோர்வையோடு மல்லுக்கட்டி, வெறுத்துப்போய் எழுந்தால் மறுநாள் உட்காரவே மனசு வராது. நன்றாக வரும் ஒரு சர்வலகுவை (தாளத்தோடு இயல்பாக ஓடும் நடையை) நிதானமாக நாலு ஆவர்த்தனம் வாசியுங்கள். அப்புறம் தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டி எடுத்து, தோலைத் துடைத்து, உறையைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.