பழவேற்காட்டில் பறவை பார்க்க: வேலூரிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலை மூன்று மணிக்கே வண்டி எடுக்கிறார்கள். அரக்கோணம், திருவள்ளூர், பொன்னேரி வழியாக ஏறக்குறைய 150 கி.மீ. ஓடி ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நின்றால், எதிரே சூரியன். அண்ணாமலைச்சேரி போன்ற இடங்கள் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கின்றன. காலையில் கிழக்கே பார்த்தால் தண்ணீர் கண்ணைக் கூசும், பறவையெல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். பூநாரையின் இளஞ்சிவப்பும் தெரியாது, கரையோரச் சிறு பறவைகளான உள்ளான்களின் கால் நிறமும் தெரியாது. பத்து மணிக்கு மேல் ஈரச் சேற்றின் மீது கானல் எழும்பி, எவ்வளவு நல்ல பைனாகுலர் வைத்திருந்தாலும் உருவம் நெளியும்.

விடியற்காலைதான் பறவை பார்க்க நல்ல நேரம் என்பது காட்டுக்கும் தோப்புக்கும் பொருந்தும். இந்த மேற்குக் கரைக்கு மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரைதான் பொற்காலம். சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஜனவரியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காலையில்தான் போக முடியும் என்றால் ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலையைத் தேர்ந்தெடுங்கள். அது ஏரியைக் கிழக்கு மேற்காகக் கடக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், சாலையின் வடபுறத் தண்ணீரைப் பார்த்தால் வெளிச்சம் ஒத்துழைக்கும். சாலை முடியும் இடம் விண்வெளி மையம். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கம் கட்டுப்பாடு இருக்கும், தேதியை முன்பே பாருங்கள்.

அடுத்த தவறு, மழை கொட்டி முடித்த மறுவாரமே போவது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டித் தின்னும் பறவை. அதற்குக் கால் ஊன்றி நடக்கும் ஆழம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி நிற்கும்போது கூட்டம் சிதறிப் போகும். ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் வற்ற வற்ற, மேய்கிற இடம் சுருங்கி, கூட்டம் கூடும். லீவு கிடைக்கிறதே என்று காணும் பொங்கலன்று போகாதீர்கள். அன்று கரையில் பறவையைவிட மனிதக் கூட்டம்தான் அதிகம்.

வழிகாட்டியை அமர்த்தும்போது கூலியை மட்டும் பேசி முடிப்பவர்கள் அதிகம். மூன்று கேள்விகள் கேளுங்கள்: முக்காலியோடு ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி) கொண்டு வருவாரா? குழுவில் எத்தனை பேர்? இந்த வாரம் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது? ஒரு ஸ்கோப்புக்கு ஆறு பேருக்கு மேல் இருந்தால் வரிசையில் நிற்பதிலேயே நேரம் போய்விடும். "பூநாரை மட்டும் காட்டினால் போதும்" என்றும் சொல்லாதீர்கள். கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, ஆலா எல்லாம் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன. தூரத்தில் நிற்கும் பழுப்புச் சாம்பல் பறவையைக் கொக்கு என்று தள்ளிவிடாதீர்கள். இளம் பூநாரையின் நிறமே அதுதான்.

பைனாகுலரை ஏரிக்கரையில்தான் முதல் தடவை உறையிலிருந்து எடுப்பது பெரிய தவறு. 10 மடங்கை விட 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) நல்லது. கடற்காற்றில் கை ஆடும்போது 10 மடங்கு அந்த ஆட்டத்தையும் பெரிதாக்கும். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வில்லை அருகிலுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் குவளையை உள்ளே இறக்கிவிட வேண்டும். இதைச் சதுப்பேரியிலோ காவேரிப்பாக்கம் ஏரியிலோ ஒரு ஞாயிறு பழகினாலே கை பதிந்துவிடும். ஏ.சி. காரிலிருந்து அப்படியே வெளியே எடுத்தால் கடலோர ஈரக் காற்று பட்டு கண்ணாடி பனிமூடும். நாம் வேலூரின் வறண்ட காற்றுக்குப் பழகியவர்கள், இதை எதிர்பார்ப்பதில்லை. சேருவதற்கு அரை மணி முன்பே ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள்.

கிட்டப் போய்ப் படம் எடுக்கும் ஆசைதான் பறவைகளுக்கு அதிகத் தீங்கு செய்கிறது. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலை தூக்கி, ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அது எச்சரிக்கை. அந்த இடத்திலேயே நில்லுங்கள், பின்வாங்குங்கள். இன்னும் நெருங்கினால் மொத்தமும் பறக்கும். வெகுதூரம் பறந்து வந்து தின்று தேறவேண்டிய வலசைப் பறவைகளை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது நியாயமே இல்லை. பறக்கும் காட்சிக்காகக் கைதட்டச் சொல்லும் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சுச் சட்டைகள் வேண்டாம், மண் நிறமோ மங்கிய பச்சையோ போதும்.

கரைச் சேறு மேலே காய்ந்து தரைபோலத் தெரிந்தாலும் கீழே முழங்கால் வரை வாங்கும். சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும். பின்பட்டை உள்ள பழைய செருப்பு போடுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

படகு விஷயத்தில் விளையாட வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இப்போது அனுமதி இருக்கிறதா என்று உள்ளூர் அதிகாரிகளிடம் கேட்காமல், ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இல்லாமல், யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். பூநாரையைக் கரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

திரும்பும் வழியில் பைனாகுலர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். படிந்திருக்கும் உப்புத் துகள் வில்லைப் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுகுப்பியால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, அதன் பிறகே துடையுங்கள். முக்காலியின் கால்களை வீட்டுக்கு வந்த அன்றிரவே கழுவிக் காய வையுங்கள். ஒரு வாரம் விட்டால் திருகாணிகள் உப்பேறி இறுகிவிடும்.