போர்ஃபைரியா உள்ளவர்கள் வயிற்றைக் காயப்போடலாகாது

இரத்தத்துக்குச் செந்நிறத்தையும் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் தருவது ஹீம் என்னும் மூலக்கூறு. எலும்பு மஜ்ஜையும் கல்லீரலும் அதை எட்டுப் படிகளில் உருவாக்குகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. அந்த நொதிகளுள் ஒன்று, பெரும்பாலும் மரபணுக் குறையால், போதிய அளவு இயங்காதபோது தோன்றும் அரிய நோய்களின் தொகுதியே போர்ஃபைரியா. இவற்றுள் உணவோடு மிக நெருங்கிய தொடர்புடையது, விட்டுவிட்டுத் தாக்கும் தீவிர வகையாகும்.

அந்த வகையில் மூன்றாம் படியின் நொதி ஏறத்தாழ பாதி அளவே வேலை செய்கிறது. சாதாரண நாள்களில் அதுவே போதும் என்பதால் பலர் ஆயுள் முழுவதும் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் பட்டினி கிடக்கும்போது கல்லீரலில் முதற்படியின் நொதி பெருமளவு தூண்டப்படுகிறது. அது உருவாக்கித் தள்ளும் இடைப்பொருள்களை மூன்றாம் படியால் கையாள முடியாமல் போகவே, அவை தேங்கி நரம்புகளைத் தாக்குகின்றன. கடும் வயிற்றுவலி, வாந்தி, மலச்சிக்கல், படபடப்பு, கை கால் தளர்ச்சி, சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகியவை இதன் விளைவுகள். மாவுச்சத்தும் அதனால் சுரக்கும் இன்சுலினும் அந்த முதல் நொதியை அடக்கி வைக்கின்றன. பின்வரும் உணவு ஆலோசனைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செயல்முறையிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் நோயின் வகையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வலி இருக்கும்போதே சிறுநீரில், தேங்கும் இடைப்பொருள்களுள் ஒன்றான போர்ஃபோபிலினோஜன் அளவைப் பரிசோதிக்க வேண்டும். மாதிரியை வெளிச்சம் படாமல் வைத்திருக்க வேண்டும். தோலில் கொப்புளங்கள் வரும் போர்ஃபைரியா வகையில் இரும்புச்சத்தின் மிகுதியும் மதுவுமே முதன்மைச் சிக்கல்கள். வெயில் பட்டதும் தோல் எரியும் வகையில், வெயிலைத் தவிர்த்தே வாழ்வதால் வைட்டமின் டி குறையக்கூடும். பெயர் ஒன்று என்பதற்காக ஒருவருக்கு உதவிய உணவுமுறையை இன்னொருவர் பின்பற்றலாகாது.

தீவிர வகையினர், அன்றாட ஆற்றலில் 55 முதல் 60 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து கிடைக்குமாறு திட்டமிடலாம். 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இது 275 முதல் 300 கிராம் வரை ஆகும். தானியங்கள், கிழங்குகள், பருப்புகள், பழங்கள் ஆகியவற்றிலிருந்தே இதைப் பெறுவது நல்லது. நாள் முழுவதற்குமான அளவை ஒரே வேளையில் உண்பதைவிட, காலை உணவைத் தவறவிடாமல், மூன்று வேளை உணவோடு இடையிடையே சிற்றுண்டியும் சேர்த்து, பசியின் இடைவெளியைக் குறைப்பதே முக்கியம். அளவுக்கு மிஞ்சி உண்பதால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை. உடல் எடைதான் கூடும்.

எடை குறைக்க விரும்புவோரிடம்தான் எனக்குக் கவலை அதிகம். மாவுச்சத்தை அறவே ஒதுக்கும் கீட்டோ உணவுமுறை, நீண்ட நேர இடைவெளி உண்ணாநோன்பு, சில வாரங்களில் எடையைக் கரைப்பதாகச் சொல்லும் திட்டங்கள் ஆகிய அனைத்தும் இவர்களுக்கு ஆபத்தானவை. எடையைக் குறைக்கலாம், ஆனால் நோய் அமைதியாக இருக்கும் காலத்தில், இந்நோயை அறிந்த உணவியல் வல்லுநரின் கண்காணிப்பில், மெல்ல மெல்லவே குறைக்க வேண்டும். சமய நோன்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காய்ச்சல் அல்லது வாந்தியால் உணவு இறங்காத நாள்களில், சர்க்கரை கலந்த பானங்களைச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். வலி கடுமையானாலோ, தளர்ச்சியோ குழப்பமோ வலிப்போ தோன்றினாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் இரத்தக் குழாய் வழியாக நாளொன்றுக்குக் குறைந்தது 300 கிராம் குளுக்கோஸ் தருவது வழக்கம். அப்போது இரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால் அதை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். கடும் தாக்குதலுக்கு உரிய மருந்து, ஹீமிலிருந்து தயாரித்து ஊசிவழி ஏற்றப்படும் ஹீமின். குளுக்கோஸ் அதற்கு மாற்றாகாது.

அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால், நோயின் பெயரைத் தெளிவாகக் கூறி, அன்றைய பட்டியலில் முதலாவதாக எடுத்துக்கொள்ளுமாறும் காத்திருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றுமாறும் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏனெனில் பார்பிட்யூரேட் என்னும் உறக்க மருந்து வகை போன்ற சில மருந்துகளும் தாக்குதலைத் தூண்டும்.

மதுவையும் புகையையும் முழுமையாக விலக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தாமாகத் தொடங்கவும் கூடாது. ஹீமினிலேயே இரும்பு இருப்பதால், அதைத் திரும்பத் திரும்பப் பெறுவோருக்கு உடலில் இரும்பு சேர்ந்துவிடலாம். மாறாக, மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுந்தவர்களுக்கு அது குறையலாம். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே மருத்துவர் அதைத் தீர்மானிக்க வேண்டும்.