ஏரியைப் பெரிதாக்கும் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரி வறண்டால் "ஆழப்படுத்து" என்கிறோம். கலங்கல் (உபரிநீர் வெளியேறும் வழி) வழிந்தால் "எல்லாம் கடலுக்குப் போகுதே, கரையை உயர்த்து" என்கிறோம். இரண்டிலும் பேச்சு கொள்ளளவைப் பற்றித்தான். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீர்த் தேவை மாதத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லியன் கன அடி, அதாவது 1 டிஎம்சி. ஏட்டுக் கணக்கில் பதினோரு மாதம் ஓட்டலாம். ஆனால் 2018-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் நான்கும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டில் ஏரிகள் இரு மடங்கு பெரிதாக இருந்திருந்தாலும் இதே கதைதான்.

ஆக, முதல் தவறு நீர்வரத்தைப் பார்க்காமல் கொள்ளளவைத் தீர்மானிப்பது. பூண்டி 1944-ல் முடிந்தபின் சென்னைக்கென்று எழுந்த புதிய நீர்த்தேக்கம் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை. 2020 நவம்பரில் திறந்தார்கள். செலவு ₹380 கோடி, கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. நகரத்துக்கு அரை மாதத் தண்ணீர். ஆண்டுக்கு இரண்டு முறை நிரப்பி 1 டிஎம்சி எடுக்கலாம் என்பது திட்டம். அந்த இரண்டாவது நிரப்பல் பெரும்பாலும் கிருஷ்ணா நீரை நம்பியது. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்திலிருந்து ஆண்டுக்கு 12 டிஎம்சி வர வேண்டும். அந்த முழு அளவு வந்து சேர்ந்ததே இல்லை. எந்த ஏரியானாலும், கடந்த முப்பது ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, எத்தனை ஆண்டுகளில் உபரி வழிந்தது, எவ்வளவு வழிந்தது என்று முதலில் பாருங்கள். கூடுதல் கொள்ளளவு வேலை செய்வது அந்த ஆண்டுகளில் மட்டும்தான்.

அடுத்தது தூர்வாரல். மேடைக்கு ஏற்ற வார்த்தை, கணக்கில் நிற்காது. 1 மில்லியன் கன அடி என்றால் ஏறக்குறைய 28,300 கன மீட்டர் மண். ஒரு டிப்பர் லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் 2,800 நடை. 500 மில்லியன் கன அடிக்குப் பதினான்கு லட்சம் நடை! அதுவும் ஏரி காய்ந்திருக்கும் மாதங்களில் மட்டும். மண்ணை விற்றே செலவை ஈடுகட்டலாம் என்பார்கள். மணலுக்கு ஆள் வருவார்கள். களிமண்ணை யார் காசு கொடுத்து அள்ளுவார்கள்? மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் வேறொரு சிக்கல்: அங்கே தேங்கும் நீர் தானாக வெளியே வராது, மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். அந்த மின்கட்டணம் திட்ட அறிக்கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கரையை உயர்த்தினால் நீர் பின்பக்கம் பரவும். இரண்டடி உயர்வுகூட, சமதரையில் பல ஏக்கர் பட்டா நிலத்தை முழுக்கும். செம்பரம்பாக்கம் போல நகரத்தின் தலைமாட்டில் இருக்கும் ஏரியில் வெள்ளத்துக்கும் இடம் விட வேண்டும்; 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்ததை நகரம் மறக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தையும் குழாயையும் அப்படியே விட்டுவிட்டு ஏரியை மட்டும் பெரிதாக்கினால், தண்ணீர் கூடுதல் நாள் வரும். தினசரி அளவு கூடாது.

இனி பணம். அடித்தளப் பாறையைத் துளையிட்டுப் பார்க்குமுன் தொகையை அறிவிப்பதுதான் ஆகப் பெரிய தவறு என்பேன். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் காட்டர் அணை இதற்கு நல்ல பாடம். 400 கோடி லிட்டர் அணையை 7,800 கோடி லிட்டராக்க 2007-ல் சொன்ன மதிப்பீடு 14.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2009-ல் அது 36.3 கோடி. முடிந்தபோது 40 கோடியைத் தாண்டியது. அணை 2013-ல் தயாரானது. அதைக் கட்டத் தூண்டிய வறட்சியோ 2010-லேயே விலகியிருந்தது. கட்டியது அரசுக்குச் சொந்தமான குடிநீர் நிறுவனம். அதன் வருமானம் வீட்டுத் தண்ணீர் பில்தான்.

நம் ஊரில் அரசு மானியம் என்றால் கேள்வியே எழுவதில்லை. மானியம் கட்டுமானத்தோடு நின்றுவிடும். ஷட்டர் பழுது, கரைப் பராமரிப்பு, பம்பு, ஆள் சம்பளம் எல்லாம் ஆண்டுதோறும் வரும். நிலம் கைக்கு வருமுன் ஒப்பந்தம் விட்டால், வழக்கு முடியும்வரை இயந்திரங்கள் சும்மா நிற்கும். ஒப்பந்ததாரர் விலை உயர்வு கேட்பார், கடன் வாங்கியிருந்தால் வட்டியும் ஓடும். டெண்டருக்கு முன்பே நிலத்தில் எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது என்ற ஒரே எண்ணைக் கேட்டாலே திட்டத்தின் நிஜமான தேதி தெரிந்துவிடும்.