நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பு: முதல் 8 வாரத்தத் தாண்ட வைக்கிறது எப்படி

வீட்டுக்குப் பின்னாடி அஞ்சாறு சென்ட் இடமும் நிழலுக்கு ரெண்டு மரமும் இருந்தா பத்துப் பதினஞ்சு நாட்டுக்கோழி தாராளமா வளர்க்கலாம். பெரிய கோழிக்கு ஒண்ணும் பெரிய வேலை கிடையாது, காலைல தொறந்து விட்டா மேஞ்சிட்டு பொழுது சாயும்போது அதுவே வந்து அடைஞ்சிடும். சாவு விழுறதெல்லாம் பெரும்பாலும் குஞ்சுலதான். 12 குஞ்சு பொரிச்சு ரெண்டு மாசத்துல 3 நிக்குதுன்னு சொல்ற வீடு எல்லா ஊர்லயும் இருக்கு, அது ராசியும் இல்ல திருஷ்டியும் இல்ல, சூடு, ஈரம், தடுப்பூசி, கீரி, இந்த நாலுல ஒண்ண கவனிக்காம விட்டதுதான். அதனால குஞ்சு பத்தித்தான் நிறைய சொல்லப் போறேன், பெரிய கோழி பத்தி கடைசில கொஞ்சம்.

முதல்ல என்ன கோழின்னு முடிவு பண்ணிக்கோங்க. முட்டை நிறைய வேணும்னா வனராஜா, கிராமப்பிரியா மாதிரி அரசு ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்குன ரகம் இருக்கு, ஆனா அதுங்க அடைக்கு உக்காராது, ஒவ்வொரு தடவையும் குஞ்சு வெளியில வாங்கணும் இல்ல இன்குபேட்டர் வேணும். தானா அடை உக்காந்து, பொரிச்சு, குஞ்சக் கூட்டிட்டு மேயணும்னா சிறுவிடைங்கிற சின்ன உருவ நாட்டுக்கோழிதான். முட்டை கம்மிதான், வருஷத்துக்கு மூணு நாலு ஈடு (தொடர்ந்து முட்டை இடுற ஒரு சுற்று), ஈட்டுக்கு 12லேர்ந்து 15 முட்டை வரும், ஆனா நம்ம வெயிலுக்கும் தீனிக்கும் தாங்குற கோழி அது. சின்ன இடத்துல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு சிறுவிடைப் பெட்டை, ஒரு சேவல், இது போதும்னுதான் நான் சொல்லுவேன். ஒரு சேவல் 8, 10 பெட்டை வரைக்கும் தாங்கும், ரெண்டாவது சேவல் சண்டைக்குத்தான் ஆகும்.

கோழி கூட்ட விட்டு எந்திரிக்காம, கிட்ட போனா ரெக்கைய விரிச்சு கேரிட்டு கொத்த வந்தா அடைக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். உடனே கைல கெடச்ச முட்டையெல்லாம் வைக்காதீங்க. இட்டு ஒரு வாரத்துக்குள்ள உள்ள முட்டையா பாருங்க, கோடைல நாலு நாளுக்கு மேல போன முட்டைய சமையலுக்கு எடுத்துக்கலாம். ஈர மணல் பரப்பி அதுல ஒரு மண்பானைய பதிச்சு அதுக்குள்ள முட்டைய கூர்முனை கீழ இருக்கிற மாதிரி வச்சு துணி போட்டு மூடினா வெயில் காலத்துலயும் நல்லா தாங்கும். அழுக்கா இருக்குன்னு முட்டைய கழுவக் கூடாது, அது மேல இருக்கிற பூச்சு போயிட்டா கிருமி உள்ள போயிரும். சிறுவிடைக்கு 10, 12 முட்டை சரி, அதுக்கு மேல வச்சா ஓரத்துல இருக்கிற முட்டைக்கு சூடு எட்டாது. கூடைல மணலோ வைக்கோலோ போட்டு, இருட்டா, நாய் வராத மூலைல வைங்க. பெரியவங்க ஒரு கரித்துண்டும் இரும்பும் வரமிளகாயும் முட்டையோட போடுவாங்க, இடி இடிச்சா முட்டை கெடாம இருக்கட்டும்னு. போடுறதுன்னா போடுங்க, ஆனா இடிய விட பெரிய கேடு செள்ளு, கோழி ரோமத்துக்குள்ள ஒட்டியிருக்கிற பேன் மாதிரி பூச்சி. அடைக்கோழி மேல செள்ளு ஏறிட்டா பாதில எந்திரிச்சுப் போயிரும், அதனால உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி ரெக்கைக்கு அடில, ஆசனவாய் சுத்தி விலக்கிப் பாத்து, கூடைலயும் சாம்பல் தூவி விடுங்க.

7 நாள் கழிச்சு ராத்திரி இருட்டுல முட்டையோட அகலமான பக்கத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள ஒரு கரும்புள்ளியும் அதச் சுத்தி சிலந்திவலை மாதிரி ரத்த நரம்பும் தெரிஞ்சா கரு பிடிச்சிருக்கு. ஒண்ணும் இல்லாம தெளிவா இருந்தா கூமுட்டை, எடுத்துருங்க. தண்ணியும் தானியமும் கூடைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும், கோழி தினமும் ஒரு கால் மணி நேரம் எந்திரிச்சு தின்னுட்டு எச்சம் போட்டுட்டு வந்து உக்காரும், அதுல முட்டை ஆறிப் போகாது. 21ம் நாள் பொரிக்கும். ஓடு விரிஞ்சும் குஞ்சு வெளிய வரலன்னு நகத்தால பிய்க்காதீங்க, உள்ள ரத்தக்குழாய் இன்னும் வத்தாம இருக்கும், பிய்ச்சா ரத்தம் வந்து செத்துரும். பொரிச்ச குஞ்சுக்கு வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கு, ரெண்டு நாள் வரைக்கும் அதே தாங்கும், ரோமம் காஞ்சு எல்லாம் எந்திரிச்சு நின்னதும் தீனி வச்சா போதும்.

தாய்க்கோழி இருந்தா சூடு பத்தி கவலையில்ல, அது பாத்துக்கும். தாய் இல்லாம கடைல ஒரு நாள் குஞ்சு வாங்குறவங்க இனிமே சொல்றத நிதானமா படிங்க. ஒரு அட்டையோ தகரமோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமா வளைச்சு கட்டுங்க, மூலை இருக்கக் கூடாது, மூலை இருந்தா குளிர்ல எல்லாம் அங்க போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடில இருக்கிறது மூச்சு முட்டிச் சாகும். கீழ ரெண்டு இன்ச்சுக்கு நெல் உமி, அதுக்கு மேல முதல் நாலஞ்சு நாளைக்கு பேப்பர், இல்லன்னா குஞ்சு உமிய தீனின்னு நெனச்சு தின்னுரும். வழவழ பேப்பர் வேணாம், கால் வழுக்கி விரிஞ்சு போயிரும், கசக்கி விரிச்சோ சாக்கு போட்டோ விடுங்க, தினமும் மாத்துங்க. பல்பு வாங்கும்போது குண்டு பல்புன்னு கேட்டு வாங்குங்க, எல்.இ.டி.ல வெளிச்சம்தான் வரும் சூடு வராது, இது தெரியாம எல்.இ.டி. தொங்க விட்டு ராத்திரியோட ராத்திரியா குஞ்சு போன வீடு நிறைய. ஒரு குஞ்சுக்கு 2 வாட்ஸ் கணக்கு, 50 குஞ்சுன்னா ஒரு 100 வாட்ஸ் பல்பு, தரைலேர்ந்து ஒரு அடி ஒன்றரை அடி உயரத்துல. முதல் வாரம் குஞ்சு நிக்கிற இடத்துல 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைச்சுட்டே வரலாம், அதுக்குத்தான் பல்ப கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துறது.

தெர்மாமீட்டர் இல்லையா, பரவால்ல, குஞ்சே சொல்லும். பல்புக்கு அடில குவிஞ்சு கீச்சு கீச்சுன்னு விடாம கத்துனா குளிருது. பல்ப விட்டு ஓரத்துல போய் வாயத் தொறந்து மூச்சு வாங்குனா சூடு அதிகம். பரவலா அங்கங்க படுத்தும் மேஞ்சும் சத்தம் கம்மியா இருந்தா சரியா இருக்கு. இத பகல்ல பாத்தா பத்தாது, விடியக்காலை மூணு நாலு மணிக்குத்தான் குளிர் இறங்கும், முதல் வாரம் அந்த நேரத்துல ஒரு தடவை எந்திரிச்சுப் பாருங்க. கரண்ட் போற ஊரா இருந்தா மண்சட்டில கரி கனல் போட்டு ஓட்டை போட்ட மூடி போட்டு வளையத்துக்கு நடுவுல வைக்கலாம், ஆனா கதவு ஜன்னல் எல்லாத்தயும் அடைச்சிட்டு வச்சிராதீங்க, கரிப்புகை வாடையே தெரியாம கொன்னுரும், உங்களுக்கும் ஆபத்து.

தூரத்துலேர்ந்து வந்த குஞ்சுக்கு முதல்ல தண்ணிதான், தீனி அப்புறம். கொதிக்க வச்சு ஆறுன தண்ணில கொஞ்சம் வெல்லம் கரைச்சு, ஒவ்வொரு குஞ்சா எடுத்து மூக்க நனைச்சு விடுங்க, ஒண்ணு குடிச்சா மத்தது பாத்துக் குடிக்கும். தண்ணித் தட்டு ஆழமா இருந்தா கூழாங்கல் போடுங்க, விழுந்து நனைஞ்ச குஞ்சு குளிர்லயே போயிரும். தீனில நிறையப் பேரு குருணை மட்டும் போடுறாங்க. அரிசில புரதம் 7, 8 சதவீதம்தான், குஞ்சுக்கு 20 சதவீதம் கிட்ட வேணும், அதான் ரெக்கை தொங்கிட்டு வளராம நிக்குது. 8 வாரம் வரைக்கும் கடைல விக்கிற குஞ்சுத் தீனிய வாங்கிப் போடுங்க, அந்த செலவப் பாக்காதீங்க. ரெண்டாவது வாரத்துலேர்ந்து கூட கரையான் குடுக்கலாம். பழைய சாக்கு, காஞ்ச சாணி, ஓலை இதெல்லாம் ஒரு பானைல அடைச்சு தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்துல சாயங்காலம் கவுத்து வச்சா காலைல பானை நிறைய ஏறியிருக்கும், குஞ்சு பறந்து வந்து தின்னும். பொழுது சாயும்போது ஒவ்வொரு குஞ்சோட இரைப்பையயும் விரல்ல தொட்டுப் பாருங்க, கழுத்துக்குக் கீழ மெத்துன்னு உருண்டையா இருந்தா வயிறு நெறஞ்சிருக்கு, தட்டையா இருந்தா அது ஏதோ கோளாறு, தனியா எடுத்து வைங்க. எச்சம் காஞ்சு ஆசனவாய ஒட்டி அடைச்சிருந்தா வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு மெதுவா எடுத்து விடுங்க, இழுக்காதீங்க.

தடுப்பூசி. இதுல மட்டும் யார் பேச்சையும் கேக்காதீங்க. வெள்ளைக்கழிச்சல் வந்துட்டா மருந்தே கிடையாது, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு, கழுத்து திருகி, ஒரு வாரத்துல கொட்டகை காலியாயிரும். 7ம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு கண்லயோ மூக்குலயோ ஒரு சொட்டு மருந்து, 14ம் நாள் கம்போரோங்கிற இன்னொரு குஞ்சு நோய்க்கு, 28ம் நாள் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டாங்கிற தடுப்பு மருந்து, 8வது வாரம் அதுக்கே ரெக்கைக்கு அடில ஊசி, அம்மைக்கு 6வது வாரம் வாக்குல, நடைமுறைல இருக்கிற அட்டவணை இது, உங்க ஊரு டாக்டர் கொஞ்சம் மாத்திச் சொன்னா அதையே செய்ங்க. மருந்த ஐஸ்லயே கொண்டு வரணும், கலக்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், தண்ணில கலந்து குடுக்கிறதுன்னா குளோரின் போட்ட குழாத் தண்ணி ஆகாது. தமிழ்நாட்டுல கால்நடைத் துறை பிப்ரவரி மாசம் ரெண்டு வாரம் இலவசமா கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சலோட இன்னொரு பேரு) தடுப்பூசி முகாம் நடத்துறாங்க, கோடைலதான் இந்த நோய் வேகமா பரவும்ங்கிறதால அதுக்கு முன்னாடியே போடுறது. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைச்சு குடுக்கிறத நான் வேணாம்னு சொல்லல, அம்மைக் கொப்புளத்துக்கு வேப்பிலை மஞ்சள் தடவறதும் நல்லதுதான், ஆனா அதெல்லாம் ஊசிக்குப் பதில் ஆகாது. சீக்கு வந்த கோழிக்கு ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல.

மூணுலேர்ந்து ஆறு வாரத்துல வர்றது ரத்தக்கழிச்சல், அது ஈரத்துலேர்ந்து வரும். உமிய ஒரு பிடி எடுத்து அமுக்குங்க, உருண்டையா பிடிச்சு நின்னா ஈரம் ஜாஸ்தி, மாத்துங்க, தண்ணித் தட்டச் சுத்தித்தான் மொதல்ல நனையும். எச்சத்துல ரத்தம் பாத்தா அன்னைக்கே கால்நடை மருந்தகத்துக்கு எச்சத்தயும் எடுத்துட்டு ஓடுங்க, அதுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் குடுத்தா பொழைக்கும். சந்தைல வாங்கிட்டு வந்த கோழிய நேரா கூட்டத்துல விடாதீங்க, ரெண்டு மூணு வாரம் தனியா கட்டிப் போடுங்க, பாதி வெள்ளைக்கழிச்சல் சந்தைக் கூடைலதான் வீட்டுக்கு வருது. செத்தத ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க, வாய்க்கால்ல வீசுறவங்களாலதான் பக்கத்து வீட்டுக் கோழியும் போகுது.

தாயோட மேயுற குஞ்சுக்கு பகல்ல காக்காவும் பருந்தும், ராத்திரி கீரியும் மரநாயும் எதிரி. முதல் மூணு வாரம் பஞ்சாரத்துலயே (கோழிய கவுத்து மூடுற மூங்கில் கூடை) மூடி வைங்க, மேல ஒரு கல்லும் வைங்க. ராத்திரிக் கூண்டுக்கு அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு வலை போடாதீங்க, நாய் கடிச்சுக் கிழிச்சிரும், அரை இன்ச் வெல்டு மெஷ்தான் நிக்கும், பாம்பும் நுழையாது. கூண்டு தரைலேர்ந்து ரெண்டடி உயரத்துல, நீளவாக்கு கிழக்கு மேற்கா இருந்தா வெயில் நேரா உள்ள விழாது. மேல தென்னங்கீத்து போட்டா கோடைல உள்ள சூடு தெரியாது. பெரிய கோழிக்கு ஆளுக்கு ரெண்டு சதுர அடி, உள்ள உருண்டைக் கட்டை ஒண்ணு குறுக்க போட்டா அதுல ஏறி உக்காந்துக்கும், எச்சம் மேல படுக்காது.

8 வாரத்துக்கு மேல கம்பு, சோளம், குருணை, அசோலா (தண்ணில மிதந்து வளர்ற சின்னச் செடி), மேய்ச்சல், இதுல ஓடிரும். அசோலாவ நல்லா அலசிட்டுப் போடுங்க, சாணி வாடை இருந்தா கோழி தொடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ குடல்புழு மருந்து. ஆறு மாசம் வாக்குல வெடக்கோழி கொண்டை செவந்து மூலை மூலையா இடம் தேட ஆரம்பிச்சா முட்டைக்கு வந்துருச்சு, அப்பலேர்ந்து கிளிஞ்சல் தூள் ஒரு தட்டுல தனியா வைங்க, இல்லன்னா ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இடும். சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழி வெட்டி விடுங்க, தினமும் மத்தியானம் அதுல பொரண்டு செள்ள அதுவே உதறிக்கும். தாய்க்கோழிய குஞ்சுலேர்ந்து ரெண்டு மாசத்துல பிரிச்சு விட்டா அடுத்த ஈட்டுக்கு சீக்கிரம் வந்துரும், அப்படியே விட்டா மூணு மாசம் வரைக்கும் குஞ்சு பின்னாடியே சுத்தும். பிரிக்கிறப்ப தாயத்தான் கண்ணுக்குத் தெரியாத எடத்துக்கு மாத்தணும், குஞ்ச பழகின கூண்டுலயே விடுங்க.