முடியாட்சியா, குடியரசா: மக்களிடம் வாக்குக் கேட்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

மன்னராட்சி தொடரலாமா, குடியரசாகலாமா என்ற விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும் முதல் பேச்சு அரண்மனைச் செலவைப் பற்றித்தான் இருக்கும். அதை ஒதுக்கி வையுங்கள். குடியரசுத் தலைவருக்கும் மாளிகை வேண்டும், காவல் வேண்டும், ஊழியர்கள் வேண்டும், ஓய்வூதியம் வேண்டும். மிச்சக் கணக்கைக் காட்டி வாக்குக் கேட்டவர்கள் பிறகு பதில் சொல்லத் திணறுவார்கள். மன்னர் இன்று செய்யும் வேலைகளை நாளை யார் செய்வார், அவரை யார் அமர்த்துவார், யார் இறக்குவார் என்பதே முதலில் முடிவாக வேண்டியது. அதை எழுத்தில் வைக்காமல் "வேண்டுமா, வேண்டாமா" என்று மக்களிடம் போகக் கூடாது.

முதலில் வேலைப் பட்டியல்

அரசியல் சாசனத்தில் மன்னர், முடி, மன்னரின் பிரதிநிதி என்று வரும் ஒவ்வொரு வரியையும் தனியே எடுத்து எழுதுங்கள். அவை மூன்று கட்டுகளாகப் பிரியும். அமைச்சரவை சொன்னபடி ஒப்பமிடும் வேலைகள் முதல் கட்டு: தூதர் நியமனம், நீதிபதி நியமனம், தண்டனைக் குறைப்பு போன்றவை. அளவில் இதுதான் பெரியது, சிக்கல் குறைவு. மன்னர் தம் விருப்பப்படி செய்யக்கூடியவை இரண்டாவது கட்டு: எவருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரைப் பிரதமராக அழைப்பது, அவையைக் கலைக்க மறுப்பது, பிரதமரை நீக்குவது. நிலம், மானியம், வரிவிலக்கு, வழக்குத் தொடர முடியாத பாதுகாப்பு ஆகியவை மூன்றாவது.

இரண்டாவது கட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "மன்னர் பிரதமரை நியமிப்பார்" என்று சாசனத்தில் ஒரே வரி இருக்கும்; யாரை, எப்போது, எந்த அடிப்படையில் என்பதெல்லாம் எழுதப்படாத மரபு. மக்கள் வாக்கில் வராதவர் என்ற தயக்கமே மன்னரை அந்த மரபுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. அதே வரியில் 'மன்னர்' என்பதை அடித்துவிட்டு 'தலைவர்' என்று எழுதினால், அந்த அதிகாரம் வாக்கு பெற்ற ஒருவரிடம் போகும். அவருக்கு அந்தத் தயக்கம் இருக்காது.

இந்த அதிகாரங்கள் வெறும் ஏட்டில் உறங்குபவையும் அல்ல. ஆஸ்திரேலியாவில் மேலவையான செனட் நிதி மசோதாவை நிறுத்திவைத்த நெருக்கடியின்போது, 1975 நவம்பர் 11 அன்று முடியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் கோஃப் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். அது சரியா தவறா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை, காரணம் எழுதிய விதி இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் விதி எழுதுங்கள். தேர்தலுக்குப் பின் கீழவை தன் முதல் கூட்டத்திலேயே பிரதமரைத் தேர்ந்தெடுக்கும். தலைவர் அவரையே நியமிப்பார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, 14 நாட்களுக்குள் வேறெவரும் பெரும்பான்மை காட்டாவிட்டால் மட்டுமே அவை இடையில் கலையும். மசோதா வந்து குறித்த நாட்களுக்குள் ஒப்பமிடாவிட்டால் அது தானாகவே சட்டமாகும்.

கடைசி விதி தேவையில்லை என்று தோன்றும்; ஆனால் தேவைப்பட்டிருக்கிறது. 1990-இல் பெல்ஜியத்தின் மன்னர் போதுவேன் (Baudouin), கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்றார். ஏப்ரல் 4 அன்று அவரை "ஆட்சி செய்ய இயலாத நிலையில் உள்ளவர்" என்று அறிவித்து அமைச்சரவையே ஒப்பமிட்டது. மறுநாள் நாடாளுமன்றம் அவரை மீண்டும் அமர்த்தியது. 2008-இல் லக்சம்பர்க்கின் மன்னரான கிராண்ட் டியூக் ஆன்றி கருணைக்கொலைச் சட்டத்துக்கு இசைவு தர மறுத்தார். அந்த நாடு சாசனத்தையே திருத்தி, அவருடைய இசைவு என்ற படியையே நீக்கியது. பின்னது சுத்தமான வழி.

அதிகாரத்தைக் குறைத்தால் போதுமா?

பட்டியல் முடிந்த இடத்தில் ஒருமுறை நில்லுங்கள். உங்கள் நாட்டின் சிக்கல் மன்னரின் அதிகாரம் மட்டும்தான் என்றால் மன்னரை வைத்துக்கொண்டே தீர்க்கலாம். ஸ்வீடன் 1974-இல் இயற்றிய ஆட்சிமுறைச் சட்டத்தில் பிரதமரை முன்மொழியும் வேலையைச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டு மன்னரைச் சடங்குகளோடு நிறுத்தியது. பூட்டானின் 2008 சாசனப்படி மன்னர் 65 வயதில் விலக வேண்டும்; நாடாளுமன்ற இரு அவைகளின் கூட்டமர்வில் நான்கில் மூன்று பங்கு வாக்கும் பின் பொது வாக்கெடுப்பும் சேர்ந்தால் அவரை இறக்கவும் முடியும்.

இவ்வளவு செய்த பிறகும் ஓர் எதிர்ப்பு மிஞ்சும்: நாட்டின் முதல் பதவி ஒரே குடும்பத்தில் பிறந்தவருக்கு மட்டும் என்பது சமத்துவத்துக்கு முரண். குடியரசுக்கான உண்மையான வாதம் இதுதான்; இது மட்டுமே போதும். மன்னராட்சி தரப்பின் வலுவான வாதம், கட்சிகளுக்கு மேலே நிற்கும் ஒருவர் நாட்டுக்கு வேண்டும் என்பது. அதற்கு முழக்கத்தால் பதில் சொல்ல முடியாது. தேர்வு முறையை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

தேர்வும் நீக்கமும்

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நாடு முழுவதும் வாக்கு பெற்றவர் பிரதமரைவிடத் தனக்கே உரிமை அதிகம் என்று எண்ணத் தொடங்கலாம். அயர்லாந்தில் அது கட்டுக்குள் இருப்பதற்குக் காரணம், அதிகாரங்கள் சாசனத்திலேயே குறுகலாக எழுதப்பட்டிருப்பது. பதவிக்காலம் 7 ஆண்டு; வேட்பாளராக நாடாளுமன்ற உறுப்பினர்கள் 20 பேரோ, 4 உள்ளாட்சி மன்றங்களோ முன்மொழிய வேண்டும் (பதவியில் இருப்பவர் தம்மைத் தாமே முன்மொழியலாம்). இரண்டாவது கட்டுக்கு விதி எழுதி முடிக்காதவர்கள் நேரடித் தேர்தலைத் தொடவே கூடாது. சடங்குத் தலைவர் போதும் என்றால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்று வைப்பது நல்லது. ஆளுங்கட்சிக்குத் தனியாக அந்த எண்ணிக்கை இல்லாதவரை எதிர்க்கட்சிக்கும் ஏற்புடைய ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும். பதவிக்காலம் அவையின் காலத்தைவிட நீளமாக இருக்கட்டும்.

நீக்கும் விதியில்தான் பல வரைவுகள் சறுக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் 1999 வரைவில் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டமர்வின் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; ஆனால் பிரதமர் ஒரு கடிதத்தால் உடனே நீக்கிவிடலாம். 30 நாட்களுக்குள் கீழவையின் ஒப்புதலை நாட வேண்டும், அது கிடைக்காவிட்டாலும் நீக்கப்பட்டவர் திரும்பி வர முடியாது. நேரடித் தேர்தல் கேட்ட குடியரசுவாதிகளில் பலர் மன்னராட்சி ஆதரவாளர்களோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தார்கள். நவம்பர் 6 வாக்கெடுப்பில் எதிர்ப்பு ஏறக்குறைய 55 விழுக்காடு. ஒரு மாநிலத்தில்கூட ஆதரவு வெல்லவில்லை. எந்தப் பெரும்பான்மை ஏற்றிவைத்ததோ அதே அளவு பெரும்பான்மை இறக்கவும் வேண்டும் என்று எழுதுங்கள். பதவி காலியானால் இடைக்காலத்தில் யார் என்பதையும் மறக்காதீர்கள்.

பூட்டு எத்தனை?

சாசனத் திருத்தப் பிரிவை இப்போது படியுங்கள். நாட்டுக்கு நாடு இது பெரிதும் மாறும். பார்படாஸுக்கு நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு போதுமானதாக இருந்தது. வாக்கெடுப்பே இல்லாமல் 2021 நவம்பர் 30 அன்று குடியரசானது. ஆஸ்திரேலியாவில் மொத்த வாக்கில் பெரும்பான்மையோடு 6 மாநிலங்களில் 4-இலும் வெல்ல வேண்டும். கனடாவில் இரு அவைகளோடு 10 மாகாணச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். ஜமைக்காவில் மசோதாவை அறிமுகம் செய்து 3 மாதம் கழித்தே விவாதம், விவாதம் முடிந்து 3 மாதம் கழித்தே கீழவையில் வாக்கெடுப்பு, பிறகு பொது வாக்கெடுப்பு. ஸ்பெயினில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பெற்று, நாடாளுமன்றத்தைக் கலைத்து, புதிய அவைகள் மீண்டும் அதே அளவில் ஏற்று, அதன்பின் மக்கள் வாக்கு. உங்கள் பூட்டைப் பார்த்துவிட்டுக் கால அட்டவணை போடுங்கள். இடையில் ஒரு தேர்தல் வருமானால் எதிர்க்கட்சியின் ஒப்புதல் இல்லாமல் தொடங்குவதில் பயனில்லை.

வேறெதையும் சேர்க்காதீர்கள். கரீபியன் தீவு நாடான செயின்ட் வின்சென்ட் 2009-இல் புதிய சாசனம் முழுவதையும் ஒரே கேள்வியாக வைத்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்ட இடத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஓர் எதிர்ப்புக் கூட்டத்தைக் கொண்டுவரும்.

சேர்த்தது வென்றுவிட்டால் அது இன்னும் கொடிது. இலங்கை 1972 மே 22 அன்று குடியரசானது. அந்தச் சாசனத்தில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக அதற்கு முந்தைய சாசனமான சோல்பரி யாப்பில் இருந்த 29(2) பிரிவு இல்லை; பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு மட்டும் ஆட்சிமொழித் தகுதியும் சாசனத்திலேயே ஏறின. பிரித்தானிய முடியிடமிருந்து விடுதலை என்ற பெயரில் நடந்த மாற்றத்தில் தமிழர் இழந்தது கையிலிருந்த காப்பை. சிறுபான்மை மக்கள் இருக்கும் எந்த நாட்டிலும் குடியரசு வரைவைக் கையில் எடுப்பவர்கள், பழைய சாசனத்தின் உரிமைப் பிரிவுகள் ஒவ்வொன்றும் புதியதில் எந்த எண்ணில் இருக்கிறது என்று இரு நெடுவரிசையாக எழுதிப் பொருத்திப் பார்க்க வேண்டும். எதிரே வெற்றிடம் இருந்தால் வாக்களிப்பதற்கு முன் கேளுங்கள்.

மாறும் நாள்

எல்லாச் சட்டங்களையும் திருத்தி முடித்துத்தான் மாற வேண்டும் என்பதில்லை. இந்தியச் சாசனத்தின் 372-ஆம் பிரிவு, நடப்பில் உள்ள சட்டங்கள் மாற்றும்வரை தொடரும் என்று ஒரே வீச்சில் சொன்னது. 395-ஆம் பிரிவு 1935-இன் இந்திய அரசுச் சட்டத்தையும் 1947-இன் இந்திய விடுதலைச் சட்டத்தையும் நீக்கியது. இதோடு நான்கு வரிகள் தேவை: நிலுவை வழக்குகள் அரசின் பெயரில் தொடரும், ஒப்பந்தங்களும் கடன்களும் செல்லும், முடியின் பெயரில் உள்ள நிலம் அரசுக்குச் சேரும், நீதிபதிகள், படையினர், காவலர் புதிய பிரமாணம் எடுக்கும்வரை பதவியில் நீடிப்பர். கடைசி வரி விடுபட்டால் அன்று காலை வழங்கிய தீர்ப்பையே ஒருவர் செல்லாது என்று வழக்காடுவார்.

முதல் தலைவருக்குப் பல நாடுகள் பின்பற்றிய வழி எளிது: கடைசி கவர்னர் ஜெனரலே பிரமாணம் எடுப்பது. இலங்கையில் வில்லியம் கோபல்லாவ, டிரினிடாட்டில் 1976-இல் எல்லிஸ் கிளார்க், மொரீஷியஸில் 1992 மார்ச் 12 அன்று வீராசாமி ரிங்காடு, பார்படாஸில் சாண்ட்ரா மேசன். நாணயம், தபால்தலை, கடவுச்சீட்டை இருப்புத் தீரும்வரை விடுங்கள். பிஜி 1987-இல் குடியரசாகியும் அரசியின் படம் நோட்டுகளில் கால்நூற்றாண்டு இருந்தது.

மன்னர் நாட்டிலேயே வாழ்பவரானால் சொத்துப் பிரிவினை தனிச் சட்டமாக வரட்டும். அரசுச் சொத்து எது, தனிச் சொத்து எது என்று பட்டியலிட்டு, தனிச் சொத்தை எடுப்பதானால் ஈடு கொடுங்கள். கிரீஸ் 1974-இல் மன்னராட்சியை வாக்கெடுப்பில் முடித்தது. பின்னர் 1994-இல் ஈடின்றிச் சொத்தை எடுத்ததால் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்று, 2002-இல் முன்னாள் மன்னருக்கு மட்டும் 1 கோடியே 20 லட்சம் யூரோ தர நேர்ந்தது. நேபாளத்தில் 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560-க்கு 4 என்ற வாக்கில் முடிவெடுத்து, அரண்மனையைக் காலி செய்ய 15 நாள் கெடு வைத்தது. நாராயண்ஹிட்டி அரண்மனை அருங்காட்சியகமானது.

காமன்வெல்த் உறுப்பினராக உள்ள நாடுகளில் "வெளியேற்றிவிடுவார்கள்" என்ற பயம் கிளப்பப்படும். இந்தியா குடியரசாகியும் உறுப்பினராகத் தொடர 1949 ஏப்ரல் லண்டன் பிரகடனம் வழிசெய்தது. குடியரசாகும் உறுப்பு நாடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று 2007-இல் கம்பாலாவில் கூடிய உறுப்பு நாட்டுத் தலைவர்களும் ஒப்பினார்கள். செயலகத்துக்கு ஒரு கடிதம், ஐ.நா.வுக்குப் புதிய அதிகாரப் பெயர் குறித்த அறிவிப்பு, தூதரகங்களுக்குப் புதிய நற்சான்றுப் பத்திரம்: வெளியுறவுத் துறைக்கு இருக்கும் வேலை இவ்வளவே.