பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கவிதையைப் பழக்குவது எப்படி?

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எந்தப் பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொன்னாலும், திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை என்று வரிசையாகத் துணைத்தலைப்பிட்டு, பாடலைச் சரியாகப் படிக்காமலேயே ஒரு பக்கத்தை நிரப்பிவிடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை; மதிப்பெண் அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பாடலுக்கும் பொருந்தும் விடை கைவசம் இருக்கும்வரை எந்தப் பாடலும் மனத்தில் தங்காது. எனவே வீட்டிலும் இன்னொரு தமிழ் வகுப்பை நடத்த வேண்டியதில்லை. அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு ஒரு சிறு பாடலைப் பொருத்திக் காட்டிவிட்டு, பொருள் கேட்காமல் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவதே நான் பரிந்துரைக்கும் வழி.

முதலில் பாடலைத் தேர்வது பற்றி. நீளமானவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குறுந்தொகைப் பாடல்களில் ஏறத்தாழ எல்லாமே நான்கு முதல் எட்டடிக்குள் முடிந்துவிடுபவை. தேநீர் ஆறுவதற்குள் இருமுறை படித்துவிடலாம். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பதிப்பில் ‘காந்தண் மெல்விரல்’ என்றிருப்பதைக் கண்டு மிரளும் பிள்ளை, ‘காந்தள் மெல்விரல்’ என்று பிரித்துக் கொடுத்தால் தானே பாதி புரிந்துகொள்ளும். மர்ரே எஸ். ராஜம் 1950களில் சங்க நூல்களைச் சொல் பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்ததும் இந்தத் தடையை நீக்குவதற்காகத்தான். புத்தகம் கிடைக்காவிட்டால், மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடு சேர்ந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆயினும் சங்கப் பாடலில் தொடங்காதீர்கள். விளையாட்டில் தொடங்குங்கள், அதற்குக் காளமேகப் புலவரை விட்டால் ஆளில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் ஓரிடத்தில் இருக்கும்போது, இந்த வெண்பாவின் முதல் மூன்று அடிகளை மட்டும் உரக்கப் படியுங்கள்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகம்காட்டும் – ஓடிமண்டை
பற்றில் பரபரெனும் பாரில்பிண் ணாக்குமுண்டாம்

“இது ஒரு விடுகதை, விடை இரண்டு” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பிண்ணாக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு செக்கு, எண்ணெய் என்று யாராவது எள்ளுக்கு வந்துசேர்வார்கள். செக்கில் ஆடியபின் எண்ணெய் குடத்தில் அடைகிறது, ஆடும்போது செக்கு இரைகிறது, மூடியைத் திறந்தால் எண்ணெயில் நம் முகம் தெரிகிறது, தலையில் தேய்த்தால் பரபரவென்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருந்திவரும்போது, இரண்டாவது விடை எது என்ற ஆவல் தானாகவே எழும். படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடங்குவதும், ஆடும்போது சீறுவதும், மூடியைத் திறந்தால் தலை நீட்டுவதும், கடித்தால் விஷம் மண்டைக்கு ஏறுவதும் பாம்பு என்று கண்டுபிடித்த பிறகும் பிண்ணாக்கு இடிக்கும். பிளவுபட்ட நாக்கு என்று அவர்களே பிரித்துப் பார்க்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது பெற்றோருக்குச் சிரமம்தான், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது’ என்ற ஈற்றடியைக் கடைசியில் சொன்னால் போதும். இதற்குப் பெயர் இரட்டுற மொழிதல் என்று அவர்கள் பள்ளியில் படித்திருப்பார்கள். அதை நீங்கள் நினைவூட்டாதீர்கள்.

இரண்டாவது இடம் அடுக்களை. மகனோ மகளோ முதன்முதலாகக் குழம்பு வைத்த நாள் குறுந்தொகையின் 167ஆம் பாடலுக்கு ஏற்ற நாள். கூடலூர் கிழார் பாடிய அதன் ஆறடிக்குள் புதுக்குடித்தனம் நடத்தும் ஒரு பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள்; அந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, துவைக்காமல் அதையே கட்டியிருக்கிறாள்; தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது; தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சொல்லி உண்கிறான்; அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’, அதாவது பிறர் கண்ணுக்கு எளிதில் படாத அளவுக்கு மலர்ந்தது. புதுமனைக்குப் போய்வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் வந்து இதைச் சொல்கிறாள். முழுவதையும் விளக்காமல், “இதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருந்தது?” என்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். துணியில் துடைத்த தயிர்க்கறை வரைக்கும் கவனித்த அந்தக் கண் யாருடையது என்று யோசிக்கத் தொடங்கினால், பாடல் என்பது யாரோ ஒருவர் யாரிடமோ சொல்வது என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். “ஏன் அவள் மட்டும் சமைக்க வேண்டும்?” என்று மகள் சண்டைக்கு வரக்கூடும். வரட்டும். காலத்தைக் காரணம் காட்டி அந்தச் சண்டையை அடக்கிவிடாதீர்கள்; பாடலோடு ஒருவர் சண்டையிடுவது, ‘சுவை: உவகைச் சுவை’ என்று எழுதிவைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கோபத்துக்கும் பாடல் உண்டு. ‘முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்’ என்று தொடங்கும் ஔவையார் பாடலில், தன் வேதனை அறியாமல் ஊர் முழுவதும் தூங்குவதைப் பார்த்துத் தலைவி முட்டலாமா, தாக்கலாமா, ஏதாவது சாக்கு வைத்துக் கத்தலாமா என்று குமுறுகிறாள். குறுந்தொகையின் 28ஆம் பாடலான இதைப் பதினைந்து வயதில் புரிந்துகொள்ளாதவர் இருக்க முடியாது. ஆனால் பிள்ளை கதவை அறைந்து சாத்திய அன்றைக்கே இதை எடுத்து நீட்டினால் கேலி செய்வதாகவே தோன்றும். இரண்டு மூன்று நாள் கழித்து, வேறு பேச்சினூடே சொல்லுங்கள்.

கைப்பேசியைக் கவிதைக்கு எதிரியாகக் கருத வேண்டாம். பாட்டியோ அண்டை வீட்டு மூதாட்டியோ தாலாட்டும் நடவுப் பாட்டும் அறிந்தவராக இருந்தால், அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவார், தெரியாத சொற்கள் எவை என்பவற்றையும் உடனுக்குடன் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பதிவைக் கேட்டு வரிவரியாக எழுத்தில் கொண்டுவரும்போதுதான், பாடியவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே அடி முடிகிறது என்பதைக் காது கண்டுகொள்ளும். யாப்பிலக்கணம் இதைவிட எளிதாக உள்ளே போகும் வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றைமட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பெரியவர்கள் மறுப்பதுண்டு, வற்புறுத்தக் கூடாது.

திரைப்பாடலும் கானாவும் ராப்பும் அவர்கள் காதில் ஏற்கெனவே இருப்பவை. எப்போதாவது ஒரு பாட்டின் வரிகளை மெட்டில்லாமல் வாசித்துக்காட்டச் சொல்லலாம்; எது நிற்கிறது, எது விழுகிறது என்று அவர்களே தீர்ப்புச் சொல்வார்கள். அரசுப் பேருந்தில் எழுதியிருக்கும் குறளை இறங்குவதற்குள் மனப்பாடம் செய்யும் போட்டியும் நல்லதே, நீங்களும் சேர்ந்து விளையாடினால்.

எழுதச் சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, இயற்கை, நட்பு என்று தலைப்புக் கொடுத்தால் வாழ்த்து அட்டை வாசகம்தான் வரும். மாறாக, கட்டுப்பாடு கொடுங்கள்: இன்று கண்ணால் பார்த்த ஒன்று, நான்கே வரி, ‘அழகான’ என்ற சொல்லும் ‘போல’ என்ற சொல்லும் வரக்கூடாது, மரம் என்றால் எந்த மரம், பேருந்து என்றால் எந்த எண் என்று பெயர் சொல்லியாக வேண்டும். தொடித்தலை விழுத்தண்டினார் புறநானூற்றில் தம் இளமையை நினைக்கும்போது, வெறும் மரத்திலிருந்து வெறும் நீரில் குதித்ததாகச் சொல்லவில்லை. மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர் மருள, ஆழமான மடுவில் ‘துடும்’ எனப் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்ததாகச் சொல்கிறார். கிணற்றிலோ வாய்க்காலிலோ குதித்துப் பழகிய பிள்ளைக்கு அந்தத் ‘துடும்’ ஒன்றே எடுத்துக்காட்டாகப் போதும்.

எழுதியதை அவர்களாகக் காட்டினால் படியுங்கள். ஒற்றுப்பிழையை அன்றைக்குத் திருத்தாதீர்கள். எந்த வரி பிடித்தது என்று ஒரு வரியை மட்டும் சுட்டிச் சொல்லுங்கள். ஒன்றும் பிடிக்காவிட்டால், அந்த மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். விருந்தினர் முன் வாசிக்கச் சொல்வதும், கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. பெரியப்பாவின் கைதட்டல் படம் வந்து விழுந்த மறுநாள் முதல் அந்த நோட்டு உங்கள் கண்ணில் படவே படாது.