மட்டக்குதிரைக்கு லாமினைடிஸ் வந்தால்: முதல் நாளிலிருந்து என்ன செய்வது?

பிரிட்டனில் ஷெட்லண்ட், வெல்ஷ் வகை மட்டக்குதிரை வளர்ப்பவர்களுக்கு வசந்த காலம் வந்தாலே கவலைதான். கரடுமுரடான நிலத்தில் கிடைத்ததைத் தின்று பிழைத்த இனங்கள் இவை. செழித்த பசும்புல்லில் விட்டால், அதிலுள்ள சர்க்கரைக்குச் சில குதிரைகளின் உடல் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய அடுக்குகளை அது கெடுத்துவிடும். பிடிப்பு தளர்ந்தால் எலும்பே இடம் மாறிவிடும். இந்தக் குளம்பு நோய்தான் லாமினைடிஸ்.

1. நாடியைப் பாருங்கள். முன்கால்களை முன்னால் நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நிற்பது, திரும்பும்போது தயங்குவது, கல் தரையில் குட்டி அடி வைப்பது எல்லாம் அறிகுறிகள். ஆனால் அதற்கு முன்பே நாடி பேசிவிடும். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்புறம், இரு பக்கமும் விரலை லேசாக வையுங்கள். நலமாக இருக்கும்போது நாடி கிடைப்பதே கஷ்டம். நோய் வந்தால் துடிப்பு விரலில் பலமாகத் தட்டும். நன்றாக இருக்கும் நாட்களிலேயே தினமும் தொட்டுப் பழகுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

2. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாளை வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள். வலி மருந்தை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். "நடக்க வைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வோர் அடியும் தளர்ந்த அடுக்குகளை மேலும் கிழிக்கும்.

3. மெத்தென்ற தரை. லாயத்தில் மரச்சீவலை 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள், கதவோரம் வரை. குதிரை அதிக நேரம் நிற்கும் இடம் அதுதான். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

4. புல்லை நிறுத்துங்கள், பட்டினி போடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். குண்டான மட்டக்குதிரை திடீரென்று பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு இரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தாக்கும், உயிரே போகலாம். தானியம், ஆப்பிள், கேரட் எதுவும் வேண்டாம். காய்ந்த புல் மட்டும் போதும். 200 கிலோ எடை என்றால் நாளுக்குச் சுமார் 3 கிலோ, அதாவது எடையில் 1.5 சதவீதம். காய்ந்த புல்லை ஊறவைத்துக் கொடுங்கள், ஊறவைக்கும் முன்பே எடை போட்டுக்கொள்ளுங்கள். சில மணி நேரம் தண்ணீரில் ஊறினால் சர்க்கரை ஓரளவு கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாமல் கொட்டிவிடுங்கள். வெயில் நாட்களில் ஊறும் நேரத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் புளித்துவிடும். சிறு கண்ணியுள்ள வலைப்பையில் பிரித்துப் பிரித்து வைத்தால் நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கும்.

5. அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். இரத்தத்தில் இன்சுலின் பார்க்கச் சொல்லுங்கள். வயதான குதிரை என்றால் குஷிங் நோய்க்கும் (மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு) பரிசோதனை வேண்டும். எக்ஸ்ரே படத்தை லாடம் அடிப்பவரிடம் காட்டுங்கள். எலும்பு இருக்கும் நிலையைப் பார்த்துத்தான் குளம்பைச் செதுக்க வேண்டும். குளம்பு முழுதாகப் புதிதாய் வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அவசரப்படுத்த வழியே கிடையாது.

மருத்துவர் சம்மதித்த பிறகு மேயவிட்டாலும், புல்லைக் கொஞ்சமாக மட்டும் தின்ன விடும் வாய்மூடி போட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் விடுங்கள். இரவு உறைபனி விழுந்து காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும் நாட்களில் வேண்டவே வேண்டாம். குளிரில் வளர முடியாத புல் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கும்.